புவனா அக்காவின் மஸ்டாங்கை நான் கெடுத்த கதை

கராஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மூன்று தரம் வாசித்து, நாலாவது தரம் மனைவியைக் கொண்டு வாசிப்பித்துத்தான் அனுப்புகிறேன். என் சுபாவம் அப்படி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பத்து அடி போவேன், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மனைவி இப்போதெல்லாம் வாசல் படலையடியில் நின்றபடியே, "இன்னும் ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்கிறார்.

போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது, ஒரு நல்ல காரை யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலே எப்படிக் கெடுக்கலாம் என்பது. நான் கெடுத்திருக்கிறேன். பதினான்கு மாதம், பொறுமையாக, ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தரம் சரிபார்த்துக் கெடுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் லண்டனுக்கு வந்தேன். முதல் மூன்று மாதம் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், தில்லையண்ணை வீட்டு வரவேற்பறையில் படுத்தேன். அவர் எனக்கு உறவில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, அடுத்த ஒழுங்கை, அவ்வளவுதான். ஆனால் எனக்குப் போர்வை தந்தவர், குளிர்ச் சட்டை வாங்கித் தந்தவர், வேலை தேடித் தந்தவரும் அவர்தான். அவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். அங்கே எண்ணெய் அடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரரிடம், "எங்கடை பொடியன் ஒருத்தன் இருக்கிறான், ஊரிலை ஒஸ்ரின் கார் எல்லாம் கழட்டிப் பூட்டினவன்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரர்தான் நான் வேலைக்குச் சேர்ந்த கராஜை நடத்திய போர்மன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தில்லையண்ணைக்கு நான் ஏன் ஒருநாளும் 'ஏலாது' என்று சொன்னதில்லை என்பது உங்களுக்கு விளங்கவேண்டும்.

கராஜ் ரயில் பாலத்து வளைவுகளுக்குக் கீழே இருந்தது. மேலே ரயில் போனால் கீழே தேத்தண்ணிக் கோப்பை ஆடும். அமெரிக்கக் கார்களை மட்டும்தான் திருத்துவோம். போர்மனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குத் தன் பெயரை எங்கேயும் பார்க்கப் பிடிக்காது, கராஜ் பலகையிலும் போடவிடவில்லை. அவர் இங்கிலீசில் சொன்னவற்றை என் தமிழில் தருகிறேன். இடையிடையே வந்த வசவுகளை மனைவி வெட்டிவிட்டார்.

முதல் நாள் அவர் என்னைத் தேத்தண்ணி போடும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் வரிசையாக ஆறு படங்கள். எல்லாம் தண்டர்பேர்ட் என்ற ஒரே காரின் படங்கள். முதலாவது ஐம்பத்தைந்தாம் ஆண்டுக் கார்: சின்னது, இருவர் மட்டும் இருக்க இரண்டே இரண்டு சீற், பாய்வதற்குப் பதுங்கிய பூனை மாதிரி. இரண்டாவதில் பின்சீற் வந்துவிட்டது. மூன்றாவதில் உடம்பு நீண்டுவிட்டது. நாலாவதில் நாலு கதவு. ஐந்தாவது கார் படத்துக்குள் அடங்காமல் நின்றது. ஆறாவது எண்பதாம் ஆண்டு, சப்பாத்து வாங்கினால் தரும் பெட்டியைப் போல.

"இதில் எந்தப் படத்தோடு நீ நிறுத்தியிருப்பாய்?" என்று கேட்டார்.

நான் ஆறாவதைக் காட்டினேன். எங்கள் ஊரில் புது மொடல் என்றால் நல்ல மொடல். அதுதான் எனக்குத் தெரிந்தது. கராஜில் எல்லோரும் சிரித்தார்கள். போர்மன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒருத்தனும் காலமை எழும்பி, 'இண்டைக்கு ஒரு நல்ல காரைப் பழுதாக்குவம்' எண்டு வேலைக்கு வரேல்லை," என்றார். "பிள்ளைகளை எங்கே ஏற்றுவது என்று ஒருவன் கேட்டான். நியாயம்தானே? பெட்டியை எங்கே வைப்பது என்றான் இன்னொருவன். அதுவும் நியாயம். சத்தம் அதிகம் என்றான், கதவு போதாது என்றான். எல்லாம் நியாயம். பின்சீற் வைத்த பிறகு முந்தியதைவிடக் கூடவும் விற்றது. ஆகவே நிறுத்தத் தோன்றவில்லை."

காட்டுக்குதிரையின் பெயர் கொண்ட மஸ்டாங் காருக்கும் அதே கதிதான் என்றார். அறுபதுகளின் நடுவில் வந்தபோது துள்ளித் திரிந்த கார். ஒவ்வொரு மாற்றத்திலும் கொழுத்து, பிறகு எழுபத்துநாலில் திடீரென்று சுருங்கி, பெயரில் மட்டும் குதிரையாக நின்றது.

எனக்கு அன்று அது பாதிதான் விளங்கியது. 'இந்த மனுசன் சுவரைப் பார்த்துக் கவலைப்படுகிறாரே, எனக்கு இரவுச் சாப்பாடு என்ன என்றே தெரியவில்லை' என்று நினைத்தேன்.

அந்தக் கராஜில் இரண்டு பழக்கங்கள் இருந்தன. முதலாவது, வேலை அட்டை. ஒவ்வொரு காருக்கும் ஒரு அட்டை எழுதி ஆணியில் குத்துவோம். மற்ற இடங்களில் அட்டையின் முதல் வரியில் காரில் என்ன பழுது என்று எழுதுவார்கள். எங்களிடம் முதல் வரியில், இந்தக் காரில் சொந்தக்காரருக்கு எது பிடிக்கும் என்று எழுதவேண்டும். பழுது இரண்டாவது வரியில்தான். "முதல் வரியிலுள்ளதைத் தொடாதே, மற்றதை என்னவும் செய்" என்பார் போர்மன்.

இரண்டாவது பழக்கம் எனக்காகவே வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து ரயிலில் நாலு ஸ்டேசன் போன பிறகு, ஒரு காரின் எண்ணெய் மூடியை இறுக்கினேனா என்று பயம் வந்துவிட்டது. இறங்கி, எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன். போர்மன் இன்னும் கதவைப் பூட்டவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். "பயப்படு, நல்லது," என்றார். "ஆனால் எல்லாத்துக்கும் பயந்தால் முக்கியமானதுக்குப் பயப்படக் களைச்சுப்போவாய். காலமை வந்தவுடன் ஒரு கேள்வி கேள்: இன்றைக்குச் செய்யும் வேலையில் எதைத் திருப்பிப் போட முடியாது? அதுக்கு மட்டும் பயப்படு."

நான் தலையாட்டினேன். அடுத்த வாரமும் ரயிலிலிருந்து இறங்கினேன் என்பது வேறு.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. காரோடு வரும் கைநூலைப் படிக்க என் இங்கிலீஷ் காணாது. ஆகவே கழற்றிய எந்தச் சாமானையும் எறியமாட்டேன். புதியது சரியாக இருக்கிறதா என்று பழையதோடு வைத்துப் பார்ப்பேன். பார்த்த பிறகும், பின்னால் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், தமிழ்ப் பேப்பரில் சுற்றிக் கக்கூசுக்கு மேலேயிருந்த பரணில் வைத்துவிடுவேன். கராஜில் அந்தப் பரணை என் வங்கி என்று நக்கல் அடிப்பார்கள்.

இனி புவனா அக்காவின் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகள் தொடங்கிய நேரம். புவனா அக்கா தில்லையண்ணையின் தங்கச்சி. லண்டனின் தெற்கே சட்டனில் தனியாக இருந்தார், அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் பங்குனி மாதக் குளிரில், சிவப்பு நிற அறுபத்தாறாம் ஆண்டு மஸ்டாங் ஒன்று, துணிக் கூரையை மடித்துவிட்டு எங்கள் வளைவுக்குள் வந்து நின்றது. உள்ளே நேர்ஸ் உடுப்பு, அதற்கு மேல் கம்பளிக் கோட், காதை மூடிய தொப்பி, சிவந்த மூக்கு. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை ஒரு வீட்டு வாசலிலை ஆறு வருசமா நிண்டது, தம்பி. ஒரு நாள் 'விற்பனைக்கு' எண்டு மட்டை கட்டியிருந்திச்சு. பஸ்ஸாலை இறங்கிப் போய்க் கதவைத் தட்டிட்டன். ஒருத்தருக்கும் தேவையில்லாத ஒரு சாமானை நான் வாங்கினது இதுதான் முதல் தரம்."

வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. பற்றரி பழையது. நான் அட்டையை எடுத்து, போர்மன் பழக்கியபடி, "அக்காவுக்கு இதிலை என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. "காத்து," என்றார். "பன்னிரண்டு மணித்தியாலம் வார்ட்டிலை மருந்து மணம். வெளியிலை வந்து கூரையைத் திறந்தால் வீடு போறதுக்குள்ளை எல்லாம் போயிடும்."

முதல் வரியில் தமிழில் 'காத்து' என்று எழுதினேன். ஆணியில் குத்தினேன். அந்த அட்டையைப் பிறகு பதினான்கு மாதம் நான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு ஷிப்ட் வேலை. சட்டன் லண்டனின் ஒரு மூலை, நாங்கள் மற்ற மூலை. ஆகவே அடுத்த தரம் தில்லையண்ணை அக்காவிடம் காரை எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். "தங்கச்சி களைச்சுப்போய் வாறவ, அவவை ஏன் அலைக்கழிப்பான்" என்றார். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தானே. தங்கச்சியின் காரியத்தை அண்ணை வந்து பேசுவார், கேட்பவனும் அண்ணையோடு பேசி முடித்துவிடுவான். அதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி, சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. சட்டனிலை அக்கம்பக்கம் எல்லாம் வெள்ளைக்காரர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, சொல்ல முதல் நாங்கள் குறைச்சிடவேணும். தங்கச்சியும் விரும்பிறா."

நியாயம். பெரிய சைலென்சர் பூட்டினேன். எஞ்சின் மூக்கடைத்தவன் மாதிரி மூச்சுவிட்டது.

அடுத்தது சீற். வெள்ளைச் சீற் ஊத்தைப்படுமாம். தடித்த பிளாஸ்ரிக் கவர் கொண்டுவந்தார். அவருடைய வீட்டு சோபாவில் நான் படுத்த காலத்திலும் அதே கவர்தான். வெயிலுக்கு முதுகோடு ஒட்டும், குளிருக்குப் பாம்பு மாதிரிச் சில்லிடும். போட்டேன்.

பிறகு கோயில். தில்லையண்ணை கோயில் கமிற்றியில் இருந்தார். அன்னதானத்துக்குச் சோறு சமைக்கும் பெரிய கிடாரங்கள் கொண்டுபோக ஒரு ட்ரெய்லர் இழுக்கவேண்டும். "அவவின்ரை கார் சும்மாதானே நிக்குது. புண்ணியம் அவவுக்கும் சேரட்டும்." ட்ரெய்லர் கொளுவ இரும்புச் சட்டம் பூட்டினேன். கிடாரத்தின் பாரத்துக்குப் பின்பக்கம் தாழ்ந்தது. ஆகவே லொறிக்குப் போடுவது போன்ற தடித்த ஸ்பிரிங் தகடுகள் போட்டேன். இப்போது பாரம் இல்லாத நாட்களில் கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முயல் மாதிரிக் குதித்தது.

ஐப்பசியில் கூரை. "பனிக்கு அவவுக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். இந்தக் கூரையைத் திறக்க ஏலாத மாதிரி இறுக்கிவிடு, தம்பி. அவதான் கேட்டவ."

அங்கேயாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. நான் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு: புதிதாகத் துளை போட்டால் துருப்பிடிக்குமே என்று. ஆகவே ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே போல்ட் போட்டுக் கூரையை மூடி இறுக்கினேன். மடிக்கும் கம்பிகளைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தேன். நல்ல வேலை. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. காற்றும் போகாது.

ஒவ்வொரு தரமும் புதிய அட்டை எழுதி, பழையதன் மேலேயே குத்தினேன். முதல் வரியை ஒவ்வொரு தரமும் காலியாக விட்டேன். 'அதுதான் முதலே எழுதியாச்சே' என்று ஒரு நினைப்பு.

பதினான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தில்லையண்ணை கடைசி வேலையைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். லண்டன் றோட்டில் முன்னால் போகும் வான் வண்டியை முந்துவதென்றால் எதிரே வருவது தெரியாது. "ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்திவிடு. சனிக்கிழமைக்குள்ளை வேணும். தங்கச்சியும் அவசரப்படுறா."

இதுவும் நியாயம்தான். ஆனால் இந்த வேலைக்கு எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை வெட்டவேண்டும். நான் ஒரு பழைய வான் வண்டியிலிருந்து ஸ்டியரிங் பெட்டி எடுத்துவைத்தேன். வெள்ளைச் சோக்கட்டியால் தகட்டில் வட்டம் கீறினேன். சரியா என்று அளந்தேன். அழித்துத் திரும்பக் கீறினேன். வெட்டும் மெசினைக் கையில் எடுத்துவிட்டேன்.

பின்னால் போர்மன் நின்றார்.

"இன்றைக்குத் திருப்பிப் போட முடியாத வேலை எது?" என்றார்.

நான் மெசினைப் பார்த்தேன். வட்டத்தைப் பார்த்தேன்.

"யாரின் கார்?"

"தில்லையண்ணையின் தங்கச்சியின் கார்."

"யார் கேட்டது?"

"தில்லையண்ணை. தங்கச்சி கேட்டதாகச் சொன்னார்."

அவர் அட்டைகள் தொங்கிய ஆணியருகே போனார். ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்தியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஸ்டியரிங், கூரை, ஸ்பிரிங், ட்ரெய்லர், சீற், சைலென்சர். ஆகக் கடைசி அட்டைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. விரலை அந்த ஒற்றைச் சொல்லின் மேல் வைத்தார்.

"இங்கே என்ன எழுதியிருக்கு?"

"காத்து," என்றேன், அவருடைய மொழியில்.

அவர் திரும்பி அந்தக் காரைப் பார்த்தார். போல்ட் போட்ட கூரை, பிளாஸ்ரிக் சீற், தூக்கிய பின்பக்கம். பிறகு தேத்தண்ணி மூலைச் சுவரைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மஸ்டாங்குக்கு ஒரு கம்பனி எட்டு ஒன்பது வருசம் எடுத்துச் செய்ததை நான் ஒற்றை ஆளாகப் பதினான்கு மாதத்தில் செய்து முடித்திருந்தேன்.

"போன் எடு," என்றார். "அண்ணனுக்கு அல்ல."

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து வார்ட்டைக் கேட்டேன். வேலை நேரத்தில் ஒரு நேர்சைப் போனுக்குக் கூப்பிட்டால் யாராவது செத்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள் என்ற கவலை. ஆகவே அக்கா 'ஹலோ' என்றவுடன், "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை அக்கா, நான் கராஜிலை இருந்து" என்று தொடங்கினேன்.

ஸ்டியரிங் மாற்றக் கேட்டீர்களா என்று விசாரித்தேன்.

"நான் என்னத்தைக் கேட்கிறது, தம்பி? நீங்கள்தானே சொன்னதாம், மாத்தாட்டி இஞ்சை ஓட்டுறது ஆபத்து எண்டு."

"நான் சொல்லேல்லை அக்கா."

"கூரையும் பழுது, இனித் திறந்தால் கிழியும் எண்டு சொன்னனீங்களாம்."

"இல்லை அக்கா. நீங்கள்தான் மூடச் சொன்னதாம்."

மறுமுனையில் யாரோ நோயாளி தண்ணீர் கேட்பது கேட்டது.

"தம்பி, நான் அந்தக் காரை விக்கப்போறன்," என்றார் அக்கா. "சனிக்கிழமை ஒருத்தர் பார்க்க வாறார். வலப்பக்கம் ஸ்டியரிங் எண்டால் உடனை எடுப்பாராம். இப்ப அதிலை ஏறினால் எனக்கு அண்ணையின்ரை வரவேற்பறைக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு. பஸ்ஸே பறவாயில்லை."

அந்த வரவேற்பறையில் மூன்று மாதம் படுத்தவன் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது.

"அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் பொறுக்க ஏலுமே? வந்து ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. பிறகு விக்கிறதெண்டால் வில்லுங்கோ."

போனை வைத்தேன். காரைப் பழையபடி ஆக்க மூன்று நாள் இருந்தது. போர்மனிடம் அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் வேண்டாம் என்றேன். "சம்பளத்தைப் பிறகு பார்ப்போம், உன் வங்கியைத் திற," என்றார்.

பரணிலிருந்து ஒவ்வொரு பொட்டலமாக இறக்கினேன். பழைய சைலென்சர், பழைய ஸ்பிரிங் தகடுகள், கூரைக் கம்பிகள், நாலு சின்ன வாஷர்கூட. பதினான்கு மாதத்துச் செய்திகளில் சுற்றியபடி, ஒன்றும் குறையாமல் எல்லாம் இருந்தன. கராஜில் அன்றைக்குப் பிறகு யாரும் அந்தப் பரணை நக்கலடிக்கவில்லை. தம்பிமாரே, நான் கெட்டிக்காரனாக இருந்ததால் தப்பவில்லை. பயந்தவனாக இருந்ததால், பிழை விட்ட நேரத்திலும் திரும்பி வரும் வழியை அடைக்காமல் விட்டிருந்தேன். ஆனால் அந்தத் தகட்டை வெட்டியிருந்தால் எந்தப் பரணும் உதவியிருக்காது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தில்லையண்ணை முதலில் வந்தார். கார் கூரையை மடித்துவிட்டு, சிவப்பாக, பதுங்கிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் இடப்பக்கமே இருந்தது.

"உதென்ன, தம்பி? நான் சொன்னது என்ன, நீ செய்தது என்ன?"

"அது ஏலாது அண்ணை," என்றேன். வாழ்க்கையில் அவருக்கு நான் சொன்ன முதல் 'ஏலாது'.

"ஏலாதோ? யாருக்கு ஏலாது? என்ரை வீட்டிலை படுத்து எழும்பினவன் நீ."

"ஓம் அண்ணை. அதாலைதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

அந்த நேரம் புவனா அக்கா வாசலில் வந்து நின்றார். வேலை உடுப்போடு மூன்று ரயில் மாறி வந்திருந்தார். அண்ணையைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். சுற்றி நடந்தார். சீற்றைத் தொட்டார், பிளாஸ்ரிக் இல்லை. பிறகுதான் திரும்பினார்.

"அண்ணை, கூரையை மூடச்சொல்லி நான் எப்ப கேட்டனான்?"

போர்மன் ஒன்றும் விளங்காமலே நாலு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இல்லை, அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

"நீ ஷிப்ட் முடிச்சுத் தனிய ஓட்டிக்கொண்டு போறாய்," என்றார் அண்ணை கடைசியில். "எனக்கு நித்திரை வராது. ஒவ்வொரு சைரன் கேட்கேக்கையும் எழும்பி இருக்கிறன்."

"நான் சட்டனிலை ஓட்டுறன். நீங்கள் கிழக்கு லண்டனிலை படுக்கிறியள். அங்கத்தைச் சைரன் இஞ்சை கேக்குமே?"

"கேக்காது. எண்டாலும் எழும்புறன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ரயிலிலிருந்து இறங்கித் திரும்பி வந்து மூடியைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு, அந்த மனுசனை எப்படிக் கோபிப்பது? அவரும் நானும் ஒரே வியாதிக்காரர். இருவரும் சேர்ந்துதான் அந்தக் காரைக் கெடுத்தோம். அவர் பயந்தார், நான் பூட்டினேன்.

போர்மன் என் கையில் ஒரு வெற்று அட்டையைத் திணித்தார். "அண்ணனுக்கும் ஒன்று எழுது," என்றார். "அவருக்கு என்ன வேணும் என்று கேள். என்ன மாற்றவேணும் என்று கேட்காதே."

கேட்டேன். "அவ பத்திரமா வீட்டை போகவேணும். வேறை என்ன," என்றார் தில்லையண்ணை.

அதை முதல் வரியில் எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால், இரண்டு அட்டைக்கும் சண்டையே இல்லை. அந்தக் காலத்து மஸ்டாங்கில் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகும். ஒரு குழாய் கசிந்தால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை. அதை இரண்டு வழியாகப் பிரித்துப் பூட்டலாம், வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல சீற் பெல்ட் போடலாம், நல்ல ரயர் போடலாம். காற்றைத் தொடத் தேவையில்லை. மாற்றமே கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. பதினான்கு மாதம் தவறான பக்கத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்கிறேன்.

"முந்தேக்கை எதிரிலை வாறது தெரியாதே, அதுக்கு என்ன செய்வியள்?" என்று அண்ணை விடவில்லை.

"வலப்பக்கச் சீற்றிலை நீங்கள் இருங்கோ அண்ணை," என்றார் அக்கா. "பார்த்துச் சொல்லுங்கோ. வாங்கோ, இப்பவே போய்ப் பார்ப்பம்."

அவர் ஏறினார். கார் வளைவை விட்டு வெளியே போனது. தெருவில் ஒரு பால் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தில்லையண்ணை ஒரு கையால் தொப்பியை அமுக்கிக்கொண்டு, கழுத்தை வெளியே நீட்டி, "பொறு, பொறு, ஒரு சைக்கிள் வருது, இப்ப போ, போ, கெதியாப் போ" என்று கத்துவது எங்கள் வாசல் வரை கேட்டது. அக்கா முந்தினார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. அக்கா எங்கள் போனிலேயே அந்தச் சனிக்கிழமை ஆளைக் கூப்பிட்டு, வரவேண்டாம் என்று சொன்னார். பிரேக் வேலையை அடுத்த வாரம் செய்தேன். அவரே காரைக் கொண்டுவந்தார், அவரே எடுத்துப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமையே தேத்தண்ணி மூலையில் போர்மன் என்னிடம் திரும்பவும் அந்தக் கேள்வியைக் கேட்டார்: எந்தப் படத்தோடு நிறுத்தியிருப்பாய்? எல்லோரும் முதல் படம் என்று சொல்வது எனக்கு இப்போது தெரியும். நான் இரண்டாவதைக் காட்டினேன். எனக்கு அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகள், பின்சீற் இல்லாமல் எங்கே வைப்பது? அவர் "சரி," என்றார். "இப்போது நீ ஓட்டுகிறவனாக நின்று சொல்கிறாய்."

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில், தில்லையண்ணை தன் சொந்தக் காரில் வந்தார். சாம்பல் நிறச் சின்னக் கார், சீற்றில் அதே பிளாஸ்ரிக் கவர், அமெரிக்கக் கார் அல்ல, நாங்கள் தொடக்கூடாதது. இறங்கி, கராஜுக்குள் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இதின்ரை கூரையிலை திறந்து மூடுற மாதிரி ஒரு வழி வெட்ட ஏலுமே? சின்னனா இருந்தால் காணும்."

நான் அட்டையை எடுத்தேன். பிறகு நிறுத்தினேன். அந்தக் காரை வார நாட்களில் அவர் மனைவிதான் ஓட்டுவார் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணியைக் கேட்டனீங்களோ அண்ணை?"

அவர் திரும்பக் காரில் ஏறிப் போய்விட்டார். நான் அவரைக் கோபப்படுத்திவிட்டேனோ என்று மத்தியானம் முழுக்கக் கவலைப்பட்டேன். நாலு மணிக்கு அண்ணியோடு வந்து இறங்கினார். அண்ணி அதிகம் பேசாத மனுசி. நான் அவர்கள் வீட்டில் படுத்த மூன்று மாதமும் எனக்குச் சோறு போட்டவர் அவர்தான். அட்டையையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, "அண்ணி, இந்தக் காரிலை உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன்.

அவர் கணவரை ஒருமுறை பார்த்தார்.

"அது பிறகு சொல்லுறன், தம்பி," என்றார். "முதல் அந்தப் பிளாஸ்ரிக் கவரைக் கழட்டுங்கோ."